காட்டுக்குள்ளே ஒரு மஞ்சள் முடிச்சு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அக்டோபர் மாசக் கடைசி. நியூ ஜெர்சியில இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமா பழுத்துக் கொட்டற சமயம். பிஸ்கட்டவேங்கற ஊர்ல இருக்கற எங்க வீட்டுல இருந்து முக்கால் மணி நேரம் ட்ரைவ் பண்ணினா ஆத்தங்கரையை ஒட்டி ஒரு பெரிய காடு வரும். வருஷா வருஷம் அங்க ஒரு ஓட்டப் பந்தயம் நடக்கும். ரோட்டுல ஓடறது இல்லை. காட்டுப் பாதையில வேர், கல்லு, சேறு எல்லாத்து மேலயும் ஓடற ட்ரெயில் ரேஸ். அதுலதான் இது நடந்துச்சு.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். நான் பொறந்து வளந்தது சென்னை, பெரம்பூர். இங்க ஒரு மருந்து கம்பெனியில வேலை. வயசு நாப்பத்தஞ்சைத் தாண்டியாச்சு. ஒரே பொண்ணு காலேஜுக்குன்னு பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போனதும் வீடு வெறிச்சோடிப் போச்சு. சாயங்காலம் ஆனா என்ன பண்றதுன்னே தெரியலை. ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனதுலதான் ஓட ஆரம்பிச்சேன். ஓட்டம்னா நீங்க பெருசா ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. நாயைக் கூட்டிக்கிட்டு வாக்கிங் போறவங்க என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போவாங்க. ஆனாலும் எனக்குப் பிடிச்சுப் போச்சு.

இன்னொண்ணையும் சொல்லிடணும். என் வாய் சும்மா இருக்காது. மனசுல பட்டதை அப்பவே போட்டு உடைச்சாதான் எனக்குத் தூக்கம் வரும். "உன் வாய்க்குப் பூட்டு செய்யற கம்பெனி இன்னும் ஆரம்பிக்கலை"ன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவார். கதைக்கு இது முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்த ரேஸை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள முடிச்சாதான் கணக்கு. கட்-ஆஃப்னு சொல்லுவாங்க. முடிச்சவங்களுக்கு ஒரு மெடல் உண்டு. தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. காட்டுல விழுந்து கிடக்கற கிளையை வட்டமா அறுத்து, அதுல வருஷத்தைச் சூடு வச்சு எழுதி, கயிறு கோத்த ஒரு மரத்துண்டு. அதுக்கு முந்தின வருஷமும் நான் ஓடினேன். நான் போய்ச் சேந்தப்ப பேனரைச் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க. வாலண்டியரா நின்ன ஒரு பொண்ணு பாவம்னு ஒரு வாழைப்பழம் குடுத்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கார்ல அழுதுக்கிட்டே வந்தேன். ஒரு மரத்துண்டுக்கா இவ்வளவு அழுகைன்னு கேக்காதீங்க. பல வருஷத்துக்கு அப்புறம் எனக்காகன்னு நான் ஆசைப்பட்ட ஒரே பொருள் அதுதான். அடுத்த வருஷம் வாங்கியே தீருவேன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல சபதம் வேற போட்டு வச்சிருந்தேன்.

அந்த அடுத்த வருஷம்தான் எங்க அத்தை, அதாவது என் மாமியார், ஆறு மாசம் எங்களோட இருக்க வந்திருந்தாங்க. ஈரோடு பக்கம் ஒரு ஊர். நல்ல மனுஷி. ஆனா குரல் இருக்கே, அப்பப்பா! ஊருக்கு போன் போட்டாங்கன்னா போனே தேவையில்லை, நேராவே கேட்டுடும். இந்தியன் ஸ்டோர்ல ரெண்டு வரிசை தள்ளி நின்னுக்கிட்டு, "அம்மிணீ, இந்தக் கத்திரிக்கா முத்தலு!"ன்னு அவங்க கூப்பிட்டா கடையே திரும்பிப் பாக்கும். எனக்கு மானம் போகும்.

அவங்க வந்தப்புறம் நான் ஷூ மாட்டிக்கிட்டு ஓடக் கிளம்பின முதல் நாளே, "ஏன் அம்மிணி, யாரு துரத்தறாங்க உன்னை?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. "வயசு துரத்துது அத்தை"ன்னு வெடுக்குனு சொல்லிட்டுப் போயிட்டேன். அப்புறம் தினமும் நான் ஓடிட்டுத் திரும்பி வரும்போது ஹால் ஜன்னல்ல அவங்க தலை தெரியும். சமையலுக்கு நேரமாச்சுன்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்கன்னு நினைச்சு எனக்கு உள்ளுக்குள்ள எரியும். சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. கிச்சன்ல அவங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

ரேஸ் அன்னிக்கு நானும் வரேன்னு கிளம்பிட்டாங்க. வீட்டுல இருங்க, குளிருதுன்னு சொன்னா கேக்கலை. புடவை மேல அவங்க பையனோட, அதாவது என் வீட்டுக்காரரோட ஜாக்கெட், காலுல ஸ்னீக்கர்ஸ், தலையைச் சுத்தி மஃப்ளர், கையில ஒரு பை. பைக்குள்ள புளிச்சோறு, ஃப்ளாஸ்க்ல காபி. எங்க கிளம்பினாலும் அவங்களுக்குக் கட்டுச்சோறு வேணும்.

பார்க்கிங் லாட்ல இறங்கினதுமே காடு ஆரம்பிச்சுடும். அங்கங்க மரக்கிளையில மஞ்சள் கலர்ல பிளாஸ்டிக் ரிப்பன் கட்டி இருந்தாங்க. ஓடறவங்களுக்கு வழி காட்டறதுக்கு. அந்தச் சமயத்துல பாதை முழுக்க இலை கொட்டி மூடியிருக்கும், எது பாதை எது காடுன்னே தெரியாது. ரிப்பனைப் பாத்துப் பாத்துத்தான் ஓடணும். காடே மஞ்சளா இருக்கற மாசத்துல மஞ்சள் ரிப்பன் வாங்கின புத்திசாலி யாருன்னு நான் திட்டிக்கிட்டே ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன். அத்தை அந்த மரங்களையெல்லாம் அண்ணாந்து பாத்துட்டு, "என்ன சாமி இது, மரத்துலயெல்லாம் கட்டியிருக்குது?"ன்னு பையன்கிட்ட கேட்டாங்க. அவர் போன்ல என்னமோ நோண்டிக்கிட்டே, "ஓடறவங்களுக்காகக் கட்டியிருக்காங்கம்மா"ன்னு சொன்னார். அத்தை முகம் மலர்ந்து போச்சு. "பரவால்லையே, இங்கயும் இருக்குதா!"ன்னாங்க. என்ன இங்கயும் இருக்குன்னு அப்ப நான் யோசிக்கவே இல்லை.

பந்தயம் ஆரம்பிச்சுச்சு. கொஞ்ச நேரத்துலயே கூட்டமெல்லாம் முன்னாடி போயிடுச்சு. வழக்கம்போல நான் கடைசி. ஆனா அன்னிக்கு எனக்குத் துணையா இன்னொருத்தர் இருந்தார். ஆரஞ்சு கலர்ல குல்லா, வெள்ளைத் தாடி, துவைச்சுத் துவைச்சுச் சாயம் போன ஒரு டி-ஷர்ட். எழுபது வயசு இருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவராம். மூச்சு வாங்கினாலும் பேச்சை நிறுத்த மாட்டார். நானும் அப்படித்தானே, அதனால ஜோடி நல்லாப் பொருந்திப் போச்சு.

அந்த ரேஸ் ஆரம்பிச்ச முதல் வருஷத்துல இருந்து அவர் ஓடறாராம். ஒரு வருஷம் கூட விட்டதில்லை, ஒரு வருஷம் கூட கட்-ஆஃப் தாண்டினதில்லை. அவரோட ஆரம்பிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க, இவர் ஒருத்தர்தான் பாக்கி. அத்தனை மரத்துண்டையும் ஒரே கயித்துல கோத்து கிச்சன் ஜன்னல்ல தொங்க விட்டிருக்காராம். காலையில காபி குடிக்கும்போது காத்துல அது டக் டக்குனு சத்தம் போடுமாம், அதைக் கேட்டாத்தான் அவருக்குப் பொழுது விடியுமாம். இந்த வருஷம்தான் முட்டி ஆபரேஷன் பண்ணி வேகம் குறைஞ்சு போச்சுன்னு சொன்னார். சொல்லும்போது சிரிச்சார். ஆனா அடிக்கடி வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தார்.

எங்களுக்குப் பின்னாடி ரெண்டு காலேஜ் பசங்க நடந்து வந்துக்கிட்டு இருந்தாங்க. கடைசி ஆள் தாண்டினதும் ரிப்பனையெல்லாம் அவுத்துக் கருப்புப் பையில போட்டுக்கிட்டே வரணும், அதுதான் அவங்க வேலை. காட்டுல குப்பை விடக் கூடாதாம். அந்தப் பையோட சரசரப்பு கேக்கும்போதெல்லாம் நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வேகமா ஓடுவோம். எமன் பாசக்கயிறோட வர்ற மாதிரின்னு நான் சொல்லி, எமன்னா யாருன்னு அவருக்கு விளக்கி, அதுக்கே ஒரு மைல் ஓடிப் போச்சு.

அந்த ஆத்தங்கரைக் காட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம இருக்க முடியலை. வெயில் இலை வழியா இறங்கி, கீழ எல்லாம் மஞ்சளா கிடந்துச்சு. பக்கத்துல ஆறு சத்தமே இல்லாம போய்க்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மான் நின்னு எங்களைப் பாத்துட்டு, இதுங்ககிட்ட பயப்பட ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டு மறுபடி மேய ஆரம்பிச்சுதுங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை. நல்லா ஓடிக்கிட்டு இருந்தோம். பசங்க கூட ரொம்பப் பின்தங்கிட்டாங்க. அவர் வாட்சைப் பாத்து, இப்படியே போனா ரெண்டு பேருமே நேரத்துக்குள்ள போயிடலாம்னு சொன்னார். எனக்குக் காலுல புது பலமே வந்துடுச்சு.

ஃபினிஷுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி பாதை ரெண்டாப் பிரியுது. ஒண்ணு நேரா மரங்களுக்குள்ள போகுது. இன்னொண்ணு வலது பக்கம் ஆத்தைப் பாத்து இறங்குது. ரெண்டுலயும் இலை கொட்டிக் கிடக்கு. வலது பக்கம் ஒரு கிளையில பளிச்சுனு மஞ்சள். நான்தான் முதல்ல பாத்தேன். "அதோ!"ன்னு கத்தினேன். பழைய காலத்துல ரேஸ் ஆத்தோரமாத்தான் போகும், திருப்பியும் அப்படி மாத்திட்டாங்க போலன்னு அவரும் சொன்னார். சந்தோஷமா இறங்கி ஓடினோம்.

ஓடறோம், ஓடறோம், அடுத்த ரிப்பனையே காணோம். ஒரு திருப்பம் திரும்பினா கொஞ்ச தூரத்துலயே இன்னொண்ணு இருக்கணும். சேறு வந்துச்சு, சாய்ஞ்ச மரம் வந்துச்சு, அதைத் தாண்டினோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போனா, மீன் பிடிக்கறவங்க உக்கார்ற ஒரு மணல் திட்டுல போய்ப் பாதை முடிஞ்சு போச்சு. கவுத்து வச்ச ஒரு பழைய வாளி. அவ்வளவுதான். அவர் வாட்சைப் பாத்தார். திரும்பினோம். அவருக்கு முட்டி வலி, மேட்டுல என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினார்.

பிரியற இடத்துக்கு வந்து பாத்தா ஒரு ரிப்பன் கூட இல்லை. நாங்க கீழ இருந்த நேரத்துல அந்தப் பசங்க நேர்ப் பாதையில போயிருக்காங்க, மஞ்சள் இலைக்கு நடுவுல நாங்க கவனிக்காத ரிப்பனையெல்லாம் அவுத்துக்கிட்டு. காட்டுல மிச்சம் இருந்தது அந்த ஒரே மஞ்சள்தான். கிட்டப் போய்ப் பாத்தேன். பிளாஸ்டிக் இல்லை. துணி. பழைய வேட்டியில கிழிச்ச துணி, மஞ்சள்ல முக்கினது. நடுவுல உருண்டையா ஒரு முடிச்சு. மஞ்சள் வாசனை குப்புனு அடிச்சுது. தொட்டுப் பாத்தா உள்ள காசு.

நம்ம ஊர்ல யாருக்கும் இதை விளக்க வேண்டாம். வீட்டுல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா, வெளியில போனவங்க வரலைன்னா, மஞ்சத்துணியில ஒரு ரூபாயை முடிஞ்சு வச்சு வேண்டிக்கறது. நல்லபடியா முடிஞ்சா அதைக் கொண்டு போய் கோயில் உண்டியல்ல போடுவாங்க. எங்க அத்தை ஈரோட்டுல இருந்து வரும்போதே மஞ்சத்துணியைக் கிழிச்சுச் சுருட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்த ஆளு. விசாவுக்கு முடிஞ்சு வச்சாங்க, ஃப்ளைட் குலுங்கினதுக்கு முடிஞ்சு வச்சாங்க. காலையில அவங்க மலர்ந்த முகம் அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஓடறவங்களுக்காகக் கட்டியிருக்காங்கன்னு பையன் சொன்னாரே! இந்த ஊர்லயும் மரத்துல வேண்டுதல் கட்டுவாங்கன்னு நினைச்சிருக்காங்க.

சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கோவம் தலைக்கு ஏறுச்சு. ஒரு வருஷமா மழையிலயும் குளிர்லயும் ஓடி, இன்னும் கொஞ்ச தூரம்தான்னு இருக்கும்போது இப்படியான்னு. அந்தப் பெரியவர்கிட்ட எல்லாத்தையும் மூச்சு விடாம இங்கிலீஷ்ல கொட்டினேன். இது எங்க மாமியார் கட்டினது, இது வழி இல்லை, வேண்டுதல், அவங்களாலதான் உங்க இத்தனை வருஷமும் போச்சு, என்னை மன்னிச்சுடுங்கன்னு.

அவர் ஒரு மரத்துல சாஞ்சு நின்னு முழுசாக் கேட்டார். அப்புறம் மெதுவா ஒண்ணு கேட்டார். நமக்கு முன்னாடி அத்தனை பேர் ஓடியிருக்காங்களே, கீழ சேத்துல அவங்க கால் தடம் ஒண்ணு கூட இல்லையே, அப்ப இது எப்பக் கட்டினதா இருக்கும்னு. எனக்குச் சுரீர்னு உறைச்சுது. எல்லாரும் வந்து சேந்தாச்சு, நான் மட்டும் வரலை. அதைப் பாத்துட்டுத்தான் அத்தை ஃபினிஷ்ல இருந்து காட்டுக்குள்ள நடந்து வந்து கட்டியிருக்காங்க. பாஷை தெரியாத ஊர்ல, தன்னந்தனியா, மஃப்ளரைச் சுத்திக்கிட்டு. அவ்வளவு கோவமும் எங்கயோ போயிடுச்சு.

வேற யாரும் ஏமாறக் கூடாதேன்னு முடிச்சைக் கிளையில இருந்து அவுத்தேன். ஆனா காசு முடிச்சைப் பிரிக்கலை. வேண்டிக் கட்டினதை நடுவுல எடுத்தா ஏதாவது ஆகுமான்னு எனக்கே பயம். அதையும் அவர்கிட்ட சொன்னேன். அப்ப கூடவே எடுத்துக்கிட்டுப் போயிடலாமேன்னு சொல்லி, அந்தத் துணியை என் மணிக்கட்டுல கட்டி விட்டார். கோயில் திருவிழாவுல காப்பு கட்டற மாதிரி ரெண்டு சுத்து சுத்தி, பஸ் டிரைவர் கையால ஒரு இறுக்கமான முடிச்சு.

அப்பதான் கேட்டுச்சு. "அம்மிணீ... ஏ அம்மிணீஈ..." காடே அதிருது. கடையில கேட்டா மானம் போகும்னு நான் நினைச்ச அதே குரல். ரிப்பன் எதுக்கு? அந்தக் குரல் வந்த பக்கமா ஓடினோம்.

நாங்க வெளியில வந்தப்ப பேனரை இறக்கிட்டாங்க. கடிகாரத்தை நிறுத்தியாச்சு. ரிப்பன் எடுக்கற பசங்க வந்துட்டாங்க, ஓடினவங்க ரெண்டு பேர் வரலைன்னதும் எல்லாருக்கும் பதட்டம். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அத்தை காட்டோரம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் ஓடி வந்து, கையைத் தொட்டுக் காலைத் தொட்டு, "அடி கிடி ஒண்ணும் படலையே?"ன்னாங்க. அப்புறம் என் மணிக்கட்டைப் பாத்தாங்க. பக்கத்துல வாய் திறந்து கிடந்த கருப்புப் பையைப் பாத்தாங்க, அதுல இருந்து மஞ்சள் ரிப்பனா வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

ரேஸை நடத்தற அம்மா வேகமா வந்தாங்க. கையில ரெண்டு மரத்துண்டு. என்ன ஆச்சு, எங்க வழி தவறுச்சு, ரிப்பன் சரியா இல்லையா, யாராவது மாத்திக் கட்டிட்டாங்களான்னு கேட்டாங்க. அப்படி இருந்தா அது எங்க தப்பு, உங்க ரெண்டு பேரையும் முடிச்சதாவே எடுத்துக்குவோம்னு அவங்களே சொன்னாங்க. ஒரு வார்த்தை போதும். என் மரத்துண்டு எனக்கு, அவர் கயித்துக்கு இன்னொரு துண்டு.

நான் வாயைத் திறந்துட்டேன். எனக்காக இல்லை, அவருக்காக. நான் பேசறதுக்குள்ள அந்தப் பெரியவர் ஒரு தடவை அத்தையைத் திரும்பிப் பாத்தார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, ரிப்பன் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் வழி எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிக்கிட்டே வந்து இந்தப் பொண்ணையும் வழி தவற வச்சுட்டேன்னு சொன்னார். அந்த அம்மாவால நம்ப முடியலை. "நீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அவர் தலையாட்டினார். அவங்க மரத்துண்டு ரெண்டையும் திருப்பிப் பையில போட்டுக்கிட்டுப் போனாங்க.

ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு தனியாக் கேட்டேன். உண்மையைச் சொன்னா இங்க அத்தனை பேரும் உங்க மாமியாரையே திரும்பிப் பாப்பாங்க, எதுக்குப் பாக்கறாங்கன்னு கூட அவங்களுக்குப் புரியாது, அப்படி ஒரு மெடல் என் ஜன்னல்ல எதுக்குன்னு சொன்னார். நான் அப்படியே ஓன்னு அழுதுட்டேன். என் வாழ்க்கையில சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாம முழுங்கினது அன்னிக்குத்தான்.

அதுக்குள்ள அத்தை வந்து நின்னாங்க. புளிச்சோத்து டப்பாவை ரெண்டு கையாலயும் அவர்கிட்ட நீட்டினாங்க. முழு டப்பா, எங்களுக்குன்னு ஒரு வாய் கூட வைக்கலை. அப்புறம் என் கையைப் பிடிச்சு அந்தத் துணியை அவுத்து, முடிச்சைப் பிரிச்சு, உள்ள இருந்த ஒரு ரூபாயை எடுத்து அவர் உள்ளங்கையில வச்சு விரலை மூடி விட்டாங்க. எனக்கு ஒரே ஆச்சரியம். வேண்டுதல் காசை சொந்தப் பையனைக் கூடத் தொட விடாத மனுஷி. சாமிக்குப் போக வேண்டியதை முன்னப் பின்ன தெரியாதவருக்கு எதுக்குக் குடுக்கறாங்க? வயசானவர், என்னைக் கூட்டிக்கிட்டு வந்தார்னு பாசத்துல குடுக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அவர் கார் டிக்கியில உக்காந்து புளிச்சோத்தை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். காரம் தாங்காம கண்ணுல தண்ணி. அத்தை பக்கத்துல நின்னு ஃப்ளாஸ்க் மூடியில காபி ஊத்திக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க.

அடுத்த வாரம் அவர்கிட்ட இருந்து எனக்கு ஒரு போட்டோ வந்துச்சு. கிச்சன் ஜன்னல்ல அந்தக் கயிறு. வரிசையா மரத்துண்டு. கடைசியில, அந்த வருஷத்துத் துண்டு இருக்க வேண்டிய இடத்துல, சின்னக் கம்பியில கோத்த நம்ம ஊர் ஒரு ரூபாய். அத்தைகிட்ட காட்டினேன். பெருசு பண்ணிக் காட்டுன்னு சொன்னாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் எழுந்து போய் அடுப்புல பால் வச்சாங்க.

நான் அவங்ககிட்ட கடைசி வரைக்கும் சொல்லலை. என்னாலதான் ரேஸ் போச்சுன்னு அவங்க மருகக் கூடாதேன்னு வீட்டுக்காரர்கிட்ட கூட மூச்சு விடலை. டிசம்பர்ல ஊருக்குப் போயிட்டாங்க.

போன வருஷம் அதே ரேஸுக்கு முதல் நாள் ஈரோட்டுல இருந்து போன். எல்லா விசாரிப்பும் முடிஞ்சப்புறம் அத்தை சொன்னாங்க: "அம்மிணி, உனக்கு ஒரு ரூபா, அந்தப் பெரியவருக்கு ஒரு ரூபா, ரெண்டும் முடிஞ்சு சாமி படத்துக்கிட்டயே வச்சுட்டேன். மரத்துல கட்டலை. நீங்க தைரியமா ஓடுங்க."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"அந்த அம்மா ரெண்டு கட்டையக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டுது. அவரு என்னையப் பாத்தாரு, தலையாட்டினாரு. அந்த அம்மா கட்டையத் திரும்பப் பையில போட்டுது. இங்கிலீசு தெரியலைன்னா கண்ணும் தெரியாதா அம்மிணி? அந்தக் காசு அன்னிக்கு அவருக்குத்தான் சேரோணும்னு சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் குடுத்தேன்."

அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைன்னு கேட்டேன். அத்தை போன்ல குரலைத் தணிச்சுப் பேசினது அதுதான் முதல் தடவை.

"நீதான் சொல்லாம இருந்தியே கண்ணு. உன்ற வாய்க்கு அது எத்தனை கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? அதையக் கெடுக்கோணுமான்னுதான் நானும் பேசாம இருந்துட்டேன்."

சிரிச்சேனா அழுதேனான்னு தெரியலை. ரெண்டும்தான்னு நினைக்கறேன். தினமும் ஜன்னல்ல எதுக்கு நின்னீங்கன்னும் அன்னிக்குத்தான் கேட்டேன். இருட்டறதுக்குள்ள நீ வரோணுமே, அதுக்குத்தான்னு சொன்னாங்க.

மறுநாள் நானும் அந்தப் பெரியவரும் சேந்தே ஓடினோம், நேரத்துக்குள்ளயே முடிச்சோம். ரிப்பன் இந்தத் தடவை ரோஸ் கலர். மரத்துண்டை மாட்டிக்கிட்டு அத்தைக்கு வீடியோ கால் போட்டேன், அவங்க போட்ட சத்தத்துல பார்க்கிங் லாட்டே திரும்பிப் பாத்துச்சு. ஸ்பீக்கரைக் குறைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. என் மரத்துண்டும் இப்ப கிச்சன் ஜன்னல்லதான் தொங்குது. ஆனா அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது, அந்தக் காட்டோரத்துல ஒருத்தர் மனசு நோகக் கூடாதேன்னு இன்னொருத்தர் வாயை மூடிக்கிட்டு நாங்க மூணு பேரும் நின்ன அந்த நேரம்தான்.